குழிக்கு ஒரு நாற்காலி

ரேணுகாம்பாள் தை மாதம் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவள் புருஷன் வேணுகோபால் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி சும்மாவே உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாள் முதல் இருவரும் அந்தக் குழியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பட்டு நெய்தவர்கள். இப்போது தறியில் நூலை ஓட்டும் ஓடத்தைத் தொட்டாலே மனுஷனுக்குக் கை உதறியது. சோறு இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

மகன் ஹேமநாத் நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்குடுக்கை. தறியைப் பிரித்து வேங்கைச் சட்டங்களை வாசலில் சாத்திவிட்டான்.

"மரம் வெறகுக் கடைக்குப் போவுது நைனா. தீவாளி கழிஞ்சதும் பவர்லூம் வருது. குழிய மூடி காங்கிரீட் போட்டாத்தான் மெஷின் நிக்கும்."

ரேணுகாம்பாளின் நினைவாக மிச்சமிருந்தது அந்தக் குழி ஒன்றுதான். அதன்மேல் ஒரு நாற்காலி நின்றால் எவன் மூடுவான் பார்க்கலாம் என்று வேணுகோபால், விறகு வண்டியில் ஏறிய மரத்தை இறக்கி, ரம்பம் இரவல் வாங்கி அறுக்க ஆரம்பித்தார். இழைக்க இழைக்கக் கை உதறல் நின்றது. அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள்.

நாற்காலி முடிந்ததும் தச்சர் அருணாச்சலம் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முதுகு அழகு, கைப்பிடி அழகு.

"அண்ணே, கால் எங்க?"

"உக்கார்றவங்க எடுத்துகினு வருவாங்களே."

"நாற்காலிக்குக் கேக்கறேண்ணே!"

"அதுக்கு எதுக்கு? குழி இருக்குதில்ல?"

வேணுகோபாலுக்கு உட்காருவது என்றால் பலகை தரையில், கால் பள்ளத்தில். வேறு விதமாக உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லை. போதாக்குறைக்கு அந்த நாற்காலி இருவர் உட்காரும் அகலம். அவரும் அவளும் உட்கார்ந்து நெய்த பழைய தறிப்பலகையை அறுக்க அவருக்கு மனசு வரவில்லை. குழி ஓரத்தில் போட்டுச் சாய்ந்தார். குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்டது.

அவ்வளவுதான், தெரு பிடித்துக்கொண்டது. பவர்லூமுக்கு மாறியவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான வீரபாகு தன் பழைய தறிமரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். வேணுகோபால் செய்துகொடுத்த நாற்காலி கைக்கு வந்ததும் வீட்டுக்குப் போய்ப் புது மொசைக் தரையை உடைத்துப் பள்ளம் தோண்டினார். பலராமன் வீட்டில் டிவிக்கு எதிரே குழி. வந்தவாசியிலிருந்து வந்த அவருடைய மச்சான் காபி டம்ளரோடு அதில் விழுந்தார். தூக்கிவிட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, அங்கிருந்தபடியே தனக்கும் ஒரு நாற்காலி கேட்டார்.

ஹேமநாத்துக்குத் தலை சுற்றியது. "ஊரே குழிய மூடுது. நீ ஊரெல்லாம் குழி தோண்ட வச்சுகினு இருக்கியே நைனா! ஒரே பேஜாரு!"

தீபாவளி கழிந்தது. கொத்தனார் பொன்னுசாமி வந்து வாசலில் கலவையைக் குழைத்துவிட்டார். வேணுகோபால் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"என்னியும் சேத்து ஊத்துங்க."

பொன்னுசாமி தொழிலில் சுத்தமானவர். "முட்டி வரைக்குமா, இடுப்பு வரைக்குமாங்க?" என்று கேட்டார்.

ஹேமநாத்துக்கு வந்ததே கோபம்! குழியில் குதித்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவர் அசையவில்லை. இவன்தான் கால் இடறி அவர் பக்கத்தில் நாற்காலியின் காலி இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். அங்கே குழியின் அடியில் மண் இரண்டு இடத்தில் தேய்ந்து வழவழவென்று பள்ளமாகியிருந்தது. அவன் குதிகால் இரண்டும் அதில் பதிந்தன.

"இது இன்னா பள்ளம் நைனா?"

"உங்கம்மா கால் வச்ச எடம்டா."

அம்மா செத்த அன்று பந்தல்காரனோடும் மேளக்காரனோடும் மல்லுக்கட்டியே பொழுதை ஓட்டியவன் ஹேமநாத். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போது கொத்தனார் முன்னால் மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதான். வேணுகோபால் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். பக்கத்து இடம் இன்று காலியாக இல்லை. ரேணுகாம்பாளுக்காக மகனும் அழுதுவிட்டான், இனிக் குழியைக் காவல் காக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. அவர் எழுந்து மேலே ஏறினார்.

"சரிடா, உன் மெஷின் நிக்கட்டும். எழுந்திரு, கலவை காயுது."

"இரு நைனா," என்றான் ஹேமநாத், அம்மாவின் பள்ளத்திலிருந்து காலை எடுக்காமல். "இன்னா ஜல்தி?"