கணக்கில் சேராத பை

உயிர் போன வாப்பாவின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிய முடிச்சை முனவ்வறா இரண்டாம் தரமும் இறுக்கினாள். அவளுடைய மகள் நுஸ்ஹா கால் பெருவிரல்களை வெள்ளை நாடாவால் பிணைத்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் கதிரையில் இருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்த ஸைனம்பு மாமி, மௌத்தானவரின் ஒரே தங்கச்சி, ஓதலை இடையில் நிறுத்தினாள்.

"வயித்துக்கு மேல பாரமா ஒண்டு வைங்க புள்ள. வச்சாத்தான் ஊதாம இரிக்கும். இரும்பு கிரும்பு இல்லியா?"

கடப்பாரை நீளம். அம்மிக்குழவி உருளும். முனவ்வறாவுக்கு யோசிக்கிற நிதானம் இல்லை. அலுமாரிக்கு மேலே கையை விட்டு அகப்பட்ட படங்குத் துணிப் பையை எடுத்து, போர்வைக்கு மேல் வயிற்றின் நடுவில் வைத்தாள். பார்க்கச் சின்னப் பைதான். தூக்கினால் மணிக்கட்டு இறங்கிவிடும்.

"அது அளவான பாரம்" என்று சொல்லிவிட்டு மாமி விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினாள்.

வாப்பா சீனிமுகம்மது சுபஹுத் தொழுதுவிட்டு, "பேப்பர் வந்தா எழுப்பு மகள்" என்று சாய்ந்தவர். பேப்பர் வந்தது. அவர் எழும்பவில்லை.

நுஸ்ஹா போர்வையின் சுருக்கத்தை நீவி, குனிந்து மூத்தாப்பாவின் நெற்றியில் கொஞ்சினாள். நிமிர்ந்தவள் கழுத்தடியைத் தடவிப் பார்த்தாள்.

"உம்மா, இஞ்ச பாருங்களன்."

தலையை மூடும் சாலைக் குத்துகிற ஊசிக்குப் பதிலாக இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் தாடைக்குக் கீழே ஒரு காந்தப் பொத்தான் போடுகிறார்கள். அந்தப் பொத்தானைச் சுற்றிக் கறுப்பாக மயிர் முளைத்திருந்தது. விரலால் தட்டினால் படுத்து, மறுபடி சிலிர்த்து எழும்பியது. பையின் தையல் ஒரு மூலையில் விட்டிருந்தது. அங்கிருந்து கறுப்பு மண் மெல்லிய கோடாக வெள்ளைப் போர்வையில் வடிந்து கிடந்தது.

"உசிரோட இரிக்கிற மாதிரியெல்லோ நிக்கிது! மூத்தாப்பா இதத்தான் திருக்கோவில் மண் எண்டு சொன்னயா?"

முனவ்வறா பாய்ந்துபோய்ப் பையைத் தூக்கினாள்.

"யா அல்லாஹ்! என்ன வேல செஞ்சிட்டன் நான்."

அந்தப் பையை எதற்கும் பாவிக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். கதவுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது, பாய் பறக்காமல் மேலே வைக்கக் கூடாது, பிள்ளைகள் தொட்டு விளையாடக் கூடாது. "அது நம்மட இல்ல. கவர்மெந்து மண்" என்பார் வாப்பா. உம்மா உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை நெல் பெட்டி மூடிக்குப் பாரம் வைத்ததற்கு இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். வாப்பாவின் இளந்தாரிக் காலத்தில், கொழும்பிலிருந்து கடற்கரை மண்ணை ஆராய ஒரு கூட்டம் வந்தது. ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரும் நம்மவர் சிலரும் திருக்கோவிலில் கூடாரம் அடித்து, பொத்துவில் பக்கம் வரை கரைநீளத்துக்குத் துளை போட்டார்கள். ஒவ்வொரு குழி மண்ணும் ஒவ்வொரு பையில் கட்டப்பட்டுக் கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போகும். அங்கே காந்தத்தாலும் மெஷினாலும் பிரித்து, எந்த இடத்தில் என்ன உலோகம் எவ்வளவு என்று படத்தில் குறிப்பார்கள். பைகளைக் காக்கிற பொறுப்பு சீனிமுகம்மதுவுக்கு. கடைசி நாள் கூடாரம் பிரிக்கும்போது பலத்த கச்சான் காற்று. சமையல் கொட்டிலில் கறிச்சட்டி மூடியைக் காற்றோ காகமோ தள்ளாமல் இருக்க, கைக்கெட்டிய ஒரு பையை மேலே வைத்தார். லொறி போய்விட்டது. பை சட்டிக்கு மேலே இருந்தது.

பிறகு நெல் களஞ்சியத்தில் வேலை கிடைத்து, கல்யாணம் முடித்துப் பிள்ளைகளும் பிறந்தார்கள். ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனார். வாசலில் நின்றவன், "மண்ணா கொண்டாந்தீங்க?" என்று சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டான். ஊர் அவருக்கு மண்பை சீனி என்று பேர் வைத்தது. அவர் கோபிக்கவில்லை. "எல்லாக் குழியும் படத்தில இரிக்கி. இந்த ஒரு குழி மட்டும் வெள்ளையாக் கிடக்கும். அதுக்குள்ள என்ன இரிந்திச்செண்டு ஒருத்தருக்கும் தெரியா" என்று சொல்லிப் பையைக் கையில் ஏந்தி நிறை பார்ப்பார்.

நுஸ்ஹாவின் அயன் பெட்டியைத் துவாயில் சுற்றி முனவ்வறா வாப்பாவின் வயிற்றில் வைத்தாள். "இரும்புதானே மாமி, காணும்" என்றாள். பிறகு போர்வையில் சிந்தியதைக் காந்தப் பொத்தானாலேயே ஒரு பொட்டு மண் விடாமல் ஒற்றி எடுத்துப் பைக்குள் போட்டு, மூலையைத் தைத்தாள். தைக்கும்போதே மனதுக்குள் ஒரு முடிவும் வந்துவிட்டது.

அக்கரைப்பற்றிலிருந்து வாப்பாவின் மூத்த மகன் அஸ்ஹர் வந்து, வாப்பாவின் முகம் பார்த்து, வெளியில் கபன் துணிக்கும் கபுறு வெட்டவும் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடியும் வரை பொறுத்திருந்தாள். பின்னர் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"காக்கா, ஜனாஸாத் தொழுகைக்கு முதல் எழும்பி, வாப்பா ஆருக்கும் ஏதும் குடுக்க இரிந்தா எனக்கிட்டக் கேளுங்க எண்டு சொல்லுவீங்கதானே?"

"ஓம். சொல்லத்தானே வேணும்."

"அதோட இந்தப் பையையும் சொல்லுங்க. இது நம்பித் தந்த அமானிதம்."

அஸ்ஹர் பையைப் பார்த்தார், தொடவில்லை.

"பள்ளிவாசல் மைக்கிலயா?"

"ஓம்."

"என்ன பேய்க்கத கதைக்கிற? ஆருக்குக் குடுக்கிற இத? அந்த வெள்ளக்காரன்ட எலும்பும் இப்ப இரிக்கா."

"வெள்ளக்காரனுக்கில்ல, கவர்மெந்துக்கு."

"கவர்மெந்து எத்தின தரம் மாறிட்டு!"

"மாறினா? மண் மாறிட்டா?"

அவர் யன்னலால் வெளியே பார்த்தார். வைஸ் பிரின்சிபலாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குரல் கொடுத்தால் பள்ளிக்கூடம் முழுக்க அடங்கும் என்பார்கள்.

"உனக்குத் தெரியா முனவ்வறா. பொம்புளப் புள்ள எண்டு உன்ன விட்டுட்டாங்க. படிக்கிற காலத்தில நான் வகுப்புக்குள்ள போனா மண்பை வாறான் எண்டுதான் கத்துவானுகள். பேர் கூப்பிடக்குள்ள வாத்தியாரும் ஒருநாள் அப்படித்தான் கூப்பிட்டார். அந்தப் பேர் வேணாமெண்டுதான் அக்கரைப்பத்துக்கு மாத்தம் எடுத்துப் போன. இப்ப ஊர்ச் சனத்துக்கு முன்னால என்ட வாயாலேயே சொல்லச் சொல்றயா?"

இது அவள் கேள்விப்படாத செய்தி. மாற்றம் எடுத்தது சம்பளப் படிக்காக என்றுதான் வாப்பா நம்பிக்கொண்டிருந்தார்.

"நான் பள்ளிக்கு வர ஏலா காக்கா. ஏலுமெண்டா நானே சொல்லிரிப்பன். அடுத்தவங்கட சாமானோட வாப்பாவ அனுப்பக் கூடாது. மறுகா உங்கட இஷ்டம்."

லுஹருக்குப் பிறகு குளிப்பாட்டினார்கள். கபனிட்டார்கள். அஸருக்கு முன்னால் சந்தூக்குப் பெட்டி வந்தது. தோள் மாறித் தோள் மாறி ஆண்கள் தெருமுனையைத் தாண்டிப் போனார்கள். அஸ்ஹர் சந்தூக்கின் முன்கால் ஒன்றைப் பிடித்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளி கூப்பிடு தூரம். முனவ்வறா பின்வளவு மதிலோரம் போய் நின்றாள். நுஸ்ஹாவும் வந்து ஒட்டிக்கொண்டாள். அஸர் தொழுகை முடிந்து, ஜனாஸாத் தொழுகைக்கு முன் மைக்கில் அஸ்ஹரின் குரல் வந்தது. எல்லா ஜனாஸாவிலும் சொல்வதைத்தான் சொன்னார். வாப்பா யார் மனதையாவது நோகச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதற்கு நான் பொறுப்பு.

குரல் நின்றது. இனி இமாம் தக்பீர் கட்ட வேண்டியதுதான். ஆனால் தக்பீர் கேட்கவில்லை. மைக்கில் பள்ளி மின்விசிறியின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"மைக் பழுதாப் போச்சா உம்மா?"

"ச்சு, பொறு."

"இன்னொண்டும் இரிக்கி" என்றது குரல். தொண்டையைச் செருமியது. "உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச மண் பைதான். மண்பை சீனிட பை. அது எங்கட இல்ல. உரிய இடத்தில சேக்கிற பொறுப்ப மகன் நான் எடுக்கிறன். எங்க, எப்படி எண்டு வழி தெரிஞ்ச ஆக்கள் வந்து சொன்னா உதவியா இரிக்கும்."

ஒருவரும் சிரித்ததாகக் கேட்கவில்லை. யாரோ இருமினார்கள். பிறகு, "அல்லாஹு அக்பர்."

முனவ்வறா மதிலில் கையை ஊன்றிக்கொண்டாள்.

மையவாடியிலிருந்து திரும்பியவர்கள் வாசல் கொட்டிலின் கீழ் பிளாஸ்டிக் கதிரைகளில் நிறைந்தார்கள். அவள் திரைக்குப் பின்னால் நின்று தேத்தண்ணித் தட்டங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். அஸ்ஹர் எழும்பி வந்து திரைக்குள் கையை நீட்டினார்.

"அந்தப் பையத் தா. பாக்கணுமாம்."

பை கொட்டிலுக்குப் போனது. ஒருவர் வாங்கிக் கை தாழ்ந்து, "அட!" என்றார். அடுத்தவர் வாங்கினார். பேர் வைத்த காலத்து ஆட்களும் இருந்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு தரம் ஏந்தி நிறை பார்த்தார்கள்.

"உள்ளுக்குத் தங்கம் கிங்கம் இரிக்குமோ?"

"தங்கமெண்டா நீ இவ்வளவு காலமும் உட்டு வெச்சிரிப்பயா?"

கடைசிக் கதிரையில் றிஸ்வான் இருந்தான். ஒலுவில் பல்கலைக்கழகக் கெம்பஸில் ஆய்வுகூட வேலை, அஸ்ஹரிடம் படித்தவன். பையை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, எழும்பி வந்து அவர் கையிலேயே கொடுத்தான்.

"சேர், அந்தத் திணைக்களம் வேற பேரில இப்பவும் கொழும்புல இரிக்கி. நான் கதைச்சுச் சேப்பிக்கிறன். அதுக்கு முதல் அவங்கட்டச் சம்மதம் கேட்டு ஒரு கரண்டி மண்ண எங்கட மெஷினில வெச்சா, என்ன கிடக்கெண்டு தெரிஞ்சிரும்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"என்ன காலம் சேர்? சம்மதம் கிடைச்சா ஒரு மணித்தியால வேல. நாளைக்கே சொல்லலாம்."

"நாளைக்கே" என்றார் அஸ்ஹர்.

தெருவில் ஒரு மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.

"அப்ப இப்பவே கொண்டுபோறன் சேர்" என்று றிஸ்வான் கையை நீட்டினான்.

அஸ்ஹர் பையை வாப்பாவைப் போல ஒருதரம் ஏந்தி நிறை பார்த்து, மடியில் வைத்து, மேலே இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். கொடுக்கவில்லை.

"தேத்தண்ணியக் குடி மனே, முதல்ல."

றிஸ்வான் நீட்டிய கையால் தட்டத்திலிருந்த கோப்பையை எடுத்தான்.