எங்கப்பாவே ஆனாலும்

குளிர்பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான் பழனிக்குமார். துடைத்ததும் அப்பாவின் முகம் தெளியும். சற்று நேரத்தில் மறுபடியும் மங்கிவிடும். பக்கத்தில் வந்து நின்ற அக்கா பொன்னழகு அவன் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டாள்.

"குழி வெட்ட ஆளுக வந்து நிக்கிறாக. எங்க வெட்டன்னு கேக்குறாக."

அவன் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா பக்கத்துலன்னு சொல்லிட்டேன். இடுகாட்டு கேட் சாவிக்கு நீ ஆள் அனுப்பு."

தாடிக்கொம்பு சாலை வழியாகத் திண்டுக்கல் நகரம் வளர்ந்து வந்து, தன்னோடு சேர்த்துக்கொண்ட பழைய ஊர் அது. வாய்க்கால் ஓரத்தில் ஊருக்குப் பொதுவான இடுகாடு. ஒரு காலத்தில் சுற்றிலும் வெண்டைக்காயும் மல்லிகையும் விளைந்த நிலங்களில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். மழைக்காலத்தில் அங்கே குழி தோண்டினால் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் ஊறியது. பக்கத்துத் தெருக்களின் ஆழ்துளைக் கிணறுகளில் எடுத்த தண்ணீர் குடிக்க ஆகாது என்று சோதனையில் வந்தது. மாநகராட்சியில் நகரமைப்பு அலுவலராக இருந்த பழனிக்குமார்தான் அந்த இடத்தை மூட வேண்டும் என்று எழுதினான். இருக்கிற சமாதிகளைத் தொடுவதில்லை, புதிதாக ஒருவரையும் புதைப்பதில்லை. வரைபடம் போட்டு, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி, சுவர் எழுப்பிப் பூட்டுப் போட்டது வரை எல்லாம் அவன் கைப்பட நடந்தது. இனி யாராக இருந்தாலும் எரிவாயு தகனமேடைதான். புதைத்தே பழகிய சனம் அவனை ஏற இறங்கப் பார்த்தது. அவன் பிறந்த ஊர் என்பதால் வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதே ஊர்க்காரியான கண்ணம்மாள்தான் சொன்னாள். போன மழைக்காலத்தில் அவள் புருசன் இறந்தபோது, பாடையை நேராகப் பூட்டிய கேட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். போலீஸோடு பழனிக்குமார் போனான். கண்ணம்மாள் கேட்டின் முன்னால் சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்காத்தா உள்ள இருக்கால்ல அப்பு? எம்புருசனுக்கு மட்டும் எடமில்லையா?"

அம்மா போனது சட்டம் வருவதற்கு முன்னால் என்று அவன் சொல்லிப் பார்த்தான். தண்ணீரைப் பற்றிச் சொன்னான். எதுவும் எடுபடவில்லை. கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவன் குரலை உயர்த்தி அதைச் சொன்னான்.

"இன்னிக்கு எங்கப்பாவே செத்தாலும் இதுக்குள்ள விடமாட்டேன்மா!"

கூட்டம் அடங்கிவிட்டது. பாடையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வருவதற்குள் அந்தச் சொல் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அப்பா வேலுசாமி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பேசுவதற்கு நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தான். நேற்றுக் காலையில் பல் விளக்கிவிட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார்.

"என்னடா, பேச மாட்டேங்குற?" என்றாள் பொன்னழகு.

"அக்கா, அங்க முடியாதுக்கா."

"எது முடியாது?"

"அப்பாவ தகனமேடைக்குத்தான் கொண்டுபோகணும்."

அவள் துண்டைப் பெட்டியின் மேல் போட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

"ரோடு போடு, பார்க்கு போடு, எவன் வீட்ட வேணாலும் இடி. அது ஒன் வேலை. அப்பாவ எங்க வைக்கிறதுங்கறது நம்ம ரெண்டு பேரு வேலை. அவர் உசுரோட இருக்கையில நடுரோட்டுல நின்னு அவரு சாவச் சொன்னவன் நீ. அதக்கூட நான் கேக்கல. இப்பச் சாவிய மட்டும்தான் கேக்குறேன்."

பந்தலில் உட்கார்ந்திருந்த கவுன்சிலர் செபஸ்தியான் எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"சார், மனசப் போட்டுக் கொழப்பாதீங்க. நான் பேச வேண்டிய எடத்துல பேசிட்டேன். கேட்டத் தெறந்து வெரசா முடிச்சிருவோம். ஒரு ஆளு. ஒரே ஒரு ஆளுனால தண்ணி கெட்டுறப் போகுதா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் பழனிக்குமாருக்கு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அவன் மேசைக்கு எதிரே வந்து நிற்கிற ஒவ்வொருவரும் சொல்வது அதுதான். என்னுது ஒரு படிதானே சார். ஒரு மாடிதானே. வாய்க்கால் மேல ஒரே ஒரு கடைதானே. ஊரில் அடைந்து கிடக்கிற வாய்க்கால்களும் ஆட்டோ நுழைய முடியாத தெருக்களும் அப்படி ஒன்று ஒன்றாகச் சேர்ந்து வந்தவைதான். ஒரு ஆளால் தண்ணீர் கெடாது என்பது அவனுக்கும் தெரியும். கண்ணம்மாள் புருசனும் ஒரு ஆள்தான்.

"அந்தம்மா மொகத்துல நான் எப்பிடிண்ணே முழிப்பேன்?" என்றான்.

செபஸ்தியான் பதில் சொல்வதற்குள் பந்தலில் ஒப்பாரி சட்டென்று நின்றது. கண்ணம்மாள் வந்துகொண்டிருந்தாள். கையில் ரோஜா மாலை. யாரையும் பார்க்காமல் நேரே பெட்டிக்குப் போய் மாலையை வைத்துவிட்டு, பொன்னழகைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். அவன் தலை தானாகக் குனிந்தது.

"பொதைச்சிரு அப்பு," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க சனம் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாக. நான் சொல்லிட்டுத்தான் வாரேன். கொண்டுபோயி உங்காத்தா பக்கத்துல வச்சிரு."

"எப்பிடிம்மா... உங்களுக்கு மாட்டேன்னு சொல்லிட்டு..."

"எனக்குச் சொன்னது என்னோட போகட்டும்." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்கப்பாரு சாயங்காலம் அந்த இடுகாட்டுச் செவுத்தோரம் நடக்க வருவாருல்ல. ஒருநா என் வீட்டு வாசல்ல உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சாரு. ஓம் புருசன எரிக்கையில கூடப் போனவுக என்ன சொன்னாகன்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும், ரொம்ப நேரமாகாதாம்னேன். கைய இப்பிடிப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. எனக்குத் தீயின்னா பயமா இருக்கு தாயி, அப்பிடின்னாரு. அவன்ட்டச் சொல்லிறாத, பாவம், அவனுக்குச் சங்கடமாப் போகும்னாரு."

அவள் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

பழனிக்குமார் வீட்டுக்குப் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தபடி நின்றான். இந்நேரம் வரை அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. கண்ணம்மாளுக்குச் செய்த அநியாயத்தைத் தனக்கும் செய்துகொண்டால் அது நியாயமாகிவிடும் என்று நினைத்திருந்தான். அந்தக் காரணத்தை அவளே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது மிச்சம் இருப்பது அந்தச் சுவரும், சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கிற வீடுகளும்தான். அந்தப் புது வீடுகளில் அவனுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. இன்றைக்குக் கேட்டைத் திறந்தால் நாளைக்கு அடுத்த வீட்டுக்காரன் வந்து நிற்பான். அவனிடம் சொல்ல ஒரு வார்த்தை இருக்காது. அப்பா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. சாகும்வரை தன்னிடம் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"வண்டிய தகனமேடைக்கு விடச் சொல்லுங்க," என்றான்.

பொன்னழகு அவன் சட்டையைப் பிடிப்பாள் என்று பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்தார்கள். அவள் பிடிக்கவில்லை. பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றுகொண்டு, "சரி, தூக்குங்க," என்றாள். தெருமுனை வரைக்கும் வந்தாள். வண்டி கிளம்பும்போது எல்லாப் பெண்களும் அழுதார்கள். அவள் மட்டும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தகனமேடையில் கூட்டம் இல்லை. சுற்றுச்சுவருக்குள் வேப்பமரங்கள், உட்காரச் சிமெண்டு பெஞ்சுகள். எல்லாம் அவன் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தன. வாய்க்கரிசி போட்டு, சூடத்தைக் கொளுத்தி நெஞ்சின் மேல் வைத்தான். உலையின் கதவு மேலே ஏறியது. ஊழியர் தட்டைத் தள்ள ஆரம்பித்தபோது அப்பாவின் பாதத்தின் மேல் இருந்த வலது கையைப் பழனிக்குமார் எடுக்கவில்லை. தட்டோடு சேர்ந்து அவனும் நடந்தான்.

"சார், கைய எடுங்க. சார்!"

இன்னும் இரண்டடி நடந்தான். வெக்கை முகத்தில் அறைந்தது. யாரோ இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். கதவு இறங்கியது.

எல்லாரும் குளித்துவிட்டு வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. பந்திக்கு இலை போட்டபோது பழனிக்குமாரையும் யாரோ பிடித்து உட்கார வைத்தார்கள். அவன் மனைவி தமிழ்மதி குழம்பு ஊற்றிக்கொண்டு போனாள். பொன்னழகு சோறு வைத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்களிடம், "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா, போதுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தவள், அவனிடம் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அவன் சோற்றில் கை வைத்தான். விரல்கள் மடங்கவில்லை. புறங்கை சிவந்து, விரல்களின் மேல் தோல் கொப்பளித்திருந்தது. பிசையப் பார்த்தான், முடியாமல் கையை இலையின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பந்தி முனை வரைக்கும் போன பொன்னழகு சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். வெளியே வந்தவள் அவன் இலைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு ஸ்பூனை வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே வாளியை எடுத்துக்கொண்டு, "வேற யாருக்கு சோறு வேணும்?" என்று கேட்டபடி எதிர்ப்பந்திக்குப் போனாள்.