பிஷப் குடித்த தண்ணீர்

கலங்காத்தின் தம்பி தலையில்லாமல்தான் வீடு வந்து சேர்ந்தான். வெட்டிய எதிரூர்க்காரன், தொடையில் குத்திய ஈட்டியோடு ஓடி மிஷன் வீட்டில் தஞ்சம் புகுந்துவிட்டான். காலையில் துக்கம் கேட்க வந்த பிஷப் ஹாலோவெல், கலங்காத் கையால் ஒரு சுரைக்குடுவைத் தண்ணீர் வாங்கி ஊரறியக் குடித்தார்.

தலைக்குத் தலை வாங்கும் பொந்தொக் மலைக்குடிகளிடம் அது விளையாட்டுக் காரியமில்லை. குடித்தவர் ரத்தத்தை எவன் சிந்தினாலும், சொந்தப் பிள்ளையே ஆனாலும், தண்ணீர் கொடுத்தவனே அவனை வெட்டியாக வேண்டும். பிஷப்புக்கு இது தெரியாதா என்ன? அமெரிக்காவிலிருந்து வாலிபராக வந்து, கல் சுமந்து கோயில் கட்டி, காலராவில் மனைவியைப் புதைத்து, இங்கேயே பிஷப்பாகி நரைத்தவர். தெரிந்துதான் குடித்தார், அந்தப் பெரிய மனிதர்.

மதியம் கலங்காத்தும் அவன் சொந்தக்காரர்களும் பழிவாங்கக் கோடரிகளோடு போனபோது, பிஷப் மிஷன் வாசலை மறித்து நின்றார்.

"வழிய விடுங்கய்யா," என்றான் கலங்காத்.

"விடமாட்டேன். என்னை எவன் தொடுவான்? உன் வீட்டுத் தண்ணி என் வயித்துல இருக்கு."

பெரியப்பா மகன் லுமிவெஸ்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம கயித்தாலயே நம்மளக் கட்டுறாராடா இந்தக் கெழவர்?"

"டேய், வேணாம்டா!" என்று கத்தினான் கலங்காத்.

கோடரி இறங்கிவிட்டது. பிஷப்பின் இடக்கை முழங்கையில் வெட்டுப்பட்டுத் தொங்கியது. லுமிவெஸ் அவரைத் தாண்டி உள்ளே போனான். ஓர் அலறல் கேட்டது. எதிரூர்க்காரன் தலையோடு வெளியே வந்தான்.

"உன் தம்பிக்குப் பழி வாங்கிட்டேன்டா!"

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எல்லாரும் கலங்காத்தைப் பார்த்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவனும் லுமிவெஸ்ஸும். ஆனால் வெட்டாவிட்டால் இனி அவன் வீட்டுத் தண்ணீரை நம்பி எந்த ஊரான் வருவான்?

"வேணாம் கலங்காத்," என்று தரையில் கிடந்தபடி கெஞ்சினார் பிஷப். "ஆண்டவர் பேரால நான் அவனை மன்னிச்சுட்டேன்."

"நீங்க யாருய்யா மன்னிக்க? தண்ணி குடுத்தவன் நான்."

லுமிவெஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைக் கீழே போட்டான். ஓடவில்லை.

"சட்டுனு முடிடா. அம்மாவப் பாத்துக்க."

இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. ரத்தம் முகத்தில் அடித்தபோது கலங்காத் மாடு மாதிரி கதறினான்.

பிறகு இடுப்புத் துணியைக் கிழித்து பிஷப்பின் கையை இறுக்கிக் கட்டினான்.

"என்னைச் சாக விடு," என்றார் அவர்.

கலங்காத் முடிச்சை இன்னும் முறுக்கினான். "சாகப் போறீங்களோ? பொழச்சே ஆகணும். பெரியம்மா வந்து எம் மகன் எங்கேன்னு கேப்பாங்க. நீங்கதான் பதில் சொல்லணும்."