பத்து கிலோவுக்குள்

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலையில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஏப்ரல் ஒன்றிலிருந்து எனக்கு ஃபுகுஓகா கிளையில் வேலை என்றார். சம்மதமா என்று கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் அந்தப் பழக்கம் கிடையாது. ஜப்பானின் வடக்கே, நான் இருக்கும் மொரியோகாவில் பனி இன்னும் கரையவில்லை. ஃபுகுஓகா நாட்டின் மறுகோடியில் இருக்கிறது, நான் பார்த்ததே இல்லை. "ரொம்ப நன்றி" என்று குனிந்துவிட்டு வந்து, கழிவறைச் சுவரை ஓங்கி ஒரு குத்து குத்தினேன். கைதான் வலித்தது.

எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் ஒருவன் இருந்தான், போய்விட்டான், அதில் வருத்தமும் இல்லை. இருப்பது கினாகோ மட்டும்தான். பன்னிரண்டு வயது நாய். பாதி ஷிபா இனம், மீதி என்னவென்று அவன் அம்மாவுக்கே வெளிச்சம். வறுத்த சோயா மாவின் நிறத்தில் இருந்ததால் அந்த மாவின் பெயரையே வைத்தேன். வயதாகிவிட்டது, நாலு மணி நேரத்துக்கு மேல் அவனால் அடக்க முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டுக்கு ஓடி, அவனை வெளியே விட்டுவிட்டுத் திரும்பவும் ஓடுவேன். அதனால் ஃபுகுஓகாவிலும் ஓடி வரும் தூரத்தில் வீடு வேண்டும். அலுவலகமோ தென்ஜினில், ஊரின் நட்டநடுவில்.

வீடு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அக்கா தமாயே போனிலேயே சொல்லிவிட்டாள்.

"இங்க விட்டுட்டுப் போடி மிசுயே. மாமாவுக்கு நாய் முடி ஒத்துக்காது, உள்ள விட முடியாது. பின்னாடி டிராக்டர் கொட்டகை இருக்குல்ல, அங்க கட்டிப் போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்."

"இந்தக் குளிர்லயா? அவன் பன்னெண்டு வருஷமா என் மெத்தையில படுக்கறவன்க்கா."

"அப்ப மெத்தையையும் சேத்து அனுப்பு. நாய்தானேடி! நீ மாப்பிள்ளைய அனுப்பற மாதிரில்ல பேசற."

அக்கா கெட்டவள் இல்லை. சொன்னால் சொன்னபடி செய்வாள், கொட்டகையில்தான் கட்டுவாள். கினாகோ அங்கே ஒரு குளிர்காலம் தாங்க மாட்டான். இது எனக்குத் தெரியும்.

ஃபுகுஓகாவில் தனோவே என்று ஒரு வீட்டு புரோக்கர் கிடைத்தார். இளவயது, ஓயாத வாய். தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் செய்து அன்றைய தோல்விகளை வாசிப்பார். ஒரு வீட்டில் பூனை என்றால் சரி, நாய் கூடாது. ஒன்றில் நாய் என்றால் சரி, ஆனால் நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. இன்னொன்றில் முன்பு ஒரு பூடில் இருந்ததாம், அதே மாதிரி பூடில் என்றால் யோசிப்பார்களாம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பேன். கினாகோவும் என் பின்னாலேயே நடப்பான். என்ன விஷயம் என்று தெரியாமலே அவனுக்கும் நிலைகொள்ளவில்லை.

மூன்றாம் நாள், என் குடும்பப் பெயரை மரியாதையோடு கூப்பிட்ட தனோவேயின் குரலில் துள்ளல்.

"குஜி-சான், யாகுயின்ல ஒண்ணு மாட்டிருக்கு! உங்க ஆபீசுக்கு நடந்தா பன்னெண்டு நிமிஷம், ஓடினா ஏழு. ஆறாவது மாடி. லிஃப்ட்லயும் வராந்தாவுலயும் நாய் கால் தரையில படக்கூடாது, தூக்கிட்டுத்தான் போகணும். அது எல்லா எடத்துலயும் உள்ளதுதான். இன்னொண்ணு... பத்து கிலோவுக்குள்ள. உங்களுது எவ்ளோ?"

கினாகோ பதினொன்று இருநூறு.

"அத ஒட்டித்தான் இருக்கும்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது போல. "அப்ப நான் மேல கேக்கல" என்றார்.

"வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"கேக்கலாங்க. கேட்டா அவங்க முடியாதுன்னு சொல்ல வேண்டி வரும். சொல்ல வெச்ச நமக்கும் சங்கடம், சொன்ன அவங்களுக்கும் சங்கடம். எதுக்கு?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தான் வளர்ந்தேன். ஒருவர் வாயால் "முடியாது" என்று சொல்ல வைப்பது, அழைக்காத வீட்டில் போய் உட்காருவதற்குச் சமம். எண் போட்டிருக்கிறார்கள், எண்ணுக்குள் வந்துவிட்டால் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

வீட்டுக்கார அம்மா நாயின் விவரத்தாள் கேட்டிருந்தார். போட்டோ, வயது, போட்ட தடுப்பூசிகள், நல்ல குணம், கெட்ட குணம். "பொண்ணு பாக்கற மாதிரிதான்" என்று தனோவே சிரித்தார். நல்ல குணம்: குரைக்க மாட்டான். கெட்ட குணம்: சாப்பாட்டில் ஆசை அதிகம். எடை என்ற இடத்தில் 9.9 என்று எழுதினேன். பொய் இல்லை, அந்த அம்மா அவனை நேரில் பார்க்கும் இருபத்தேழாம் தேதிக்குள் உண்மையாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று இரவே தீனியைப் பாதியாக்கினேன். கினாகோ தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறந்துபோய்விட்டேன் போல என்று காத்திருந்தான். நாலாம் நாள் பாதியிலும் பாதி. அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்ப்பேன். பத்து எழுநூறு. பத்து நானூறு. குறையக் குறைய எனக்குச் சந்தோஷம் வந்தது, அந்த வெட்கங்கெட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நாய் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. திட்டுவார் என்று தெரியும். அவன் ராத்திரியில் எழுந்து சமையலறைத் தரையை நக்கும் சத்தம் கேட்கும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன். "எல்லாம் உனக்காகத்தாண்டா" என்று போர்வைக்குள்ளிருந்து சொல்வேன்.

இருபத்தேழாம் தேதி விமானத்தில் கினாகோவின் கூண்டோடு வந்து இறங்கினோம். ஃபுகுஓகாவில் செர்ரி பூத்துவிட்டிருந்தது. எனக்கு ஒரு பூவும் கண்ணில் படவில்லை. முந்தின நாள் எடை ஒன்பது எழுநூற்றைம்பது. தனோவே தன் வண்டியில் யாகுயினுக்குக் கூட்டிப் போனார்.

வீட்டுக்கார அம்மா உமெசாகி சிசுருவுக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. கட்டடத்தின் கீழேயே சலவைக் கடை வைத்திருந்தார். அயர்ன் சூட்டில் முகம் சிவந்து, ஏப்ரனோடு வந்து நின்றார். நான் கினாகோவைத் தூக்கிக்கொண்டே மூன்று முறை குனிந்தேன். லிஃப்ட், வராந்தா, கதவு, எங்கேயும் அவன் கால் தரையில் படவில்லை. கை கடுத்தது. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டேன்.

வீடு சின்னதுதான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். கினாகோவின் மெத்தை விரிக்க ஒரு மூலை இருந்தது. அது போதும், இதுதான் எங்கள் வீடு என்று முடிவு செய்துவிட்டேன்.

"குடுங்க, நான் கொஞ்சம் தூக்கறேன்" என்றார் உமெசாகி.

"ஐயோ வேணாங்க, முடி ஒட்டும்."

"நாள் பூரா அழுக்குத் துணி தூக்கறவளுக்கு முடி என்ன பெருசு? குடுங்க."

கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி ஒரு முறை அசைத்துப் பார்த்தார். "ஒம்பதே முக்கால். மூட்டை தூக்கித் தூக்கி எனக்குத் தராசே வேணாம்."

தனோவே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஜெயித்துவிட்டோம்.

உமெசாகியின் கை அதற்குள் கினாகோவின் விலாவில் நின்றுவிட்டது. தடவினார். கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்தார். அது விரலோடு கூடவே வந்தது.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க, நல்லாத்தான் இருக்கான்."

"பின்ன ஏன் எலும்பு தட்டுது? பெரியவன் சட்டைய சின்னவன் போட்ட மாதிரி தோல் தொங்குதே."

வாயில் பொய் வரவில்லை. "பத்து கிலோவுக்குள்ளன்னு போட்டிருந்துச்சு" என்றேன்.

"முன்னாடி எவ்ளோ?"

"பதினொண்ணு இருநூறு."

அவர் தனோவே பக்கம் திரும்பினார். தனோவே வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கன்னுக்குட்டி மாதிரி எதையாவது புடிச்சுட்டு வந்துடக் கூடாதேன்னு பத்துன்னு போட்டேன். மூணாவது மாடியில ஒண்ணு இருக்கு, பன்னெண்டு கிலோ. அந்தம்மா போன் பண்ணிக் கேட்டாங்க. சரி வாங்கன்னேன். அவ்ளோதான். உங்களுக்கு ஒரு போன் பண்ண என்ன?"

"கேட்டா... உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன்."

"எனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு இவன பட்டினி போட்டீங்களா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். குனிந்தேன், மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்று அவர் கினாகோவை என் கையில் திருப்பி வைத்தார்.

லிஃப்டில் கீழே இறங்கினோம். கொட்டகை, பனி, கயிறு எல்லாம் கண் முன்னால் வந்தன. கடை வாசலில் உமெசாகி நின்றார்.

"பத்திரம் எழுதிக்கங்க, தனோவே. வீடு இவங்களுக்குத்தான். இல்லேன்னு அனுப்பினா வேற எங்கயாவது போயி இன்னும் எத்தன கிலோ கொறைப்பாங்களோ!"

தனோவே பையைத் திறந்துகொண்டே கடைக்குள் ஓடினார். நான் எதிரில் இருந்த கடைக்கு ஓடி, கோழிக்கறி டப்பா இரண்டு வாங்கி வந்து, நடைபாதையிலேயே உட்கார்ந்து ஒன்றைத் திறந்து வைத்தேன். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கினாகோ உடனே வாய் வைக்கவில்லை. டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எடுத்துவிடுவேன் என்று நினைத்தான் போல.

"சாப்பிடுடா. முழுசும் உனக்குத்தான்."

மெல்லாமலே விழுங்கினான். தின்று முடித்ததும் என் கையை நக்க ஆரம்பித்தான். பத்து நாளுக்கு மேலாக, அள்ளிய தீனியில் பாதியைத் திரும்பக் கொட்டிய அதே கை. நான் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி, வாலை ஆட்டிக்கொண்டு, விடாமல் நக்கினான். கடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.