ஜன்னலோர பிரிண்டர்

அந்தப் பாடப்புத்தக அலுவலகம் மேல்மாடிக்கு மாறப்போகிறது என்றதும், மேலாளர் பக்க வடிவமைப்பாளரைத்தான் கூப்பிட்டார்.

"புத்தகத்துல எழுத்தையும் படத்தையும் இடிக்காம அடுக்குறேல்ல? ஆளுங்களையும் அப்படியே அடுக்கிக் குடும்மா. சும்மா சும்மா எழுந்து நடக்குற வேலை இருக்கக் கூடாது."

அவள் ஒவ்வொருவருக்கும் அட்டையில் ஒரு குட்டி மேஜை வெட்டி, மேல்மாடி வரைபடத்தின் மேல் நகர்த்திப் பார்த்தாள். கணக்குப் பிரிவு அக்காவுக்கு ஏசி காற்று நேராக அடிக்காத மூலை. போன் பேசுகிறவர்கள் கதவோரம். பிழை திருத்துபவருக்கு வடக்கு ஜன்னல். வெளிச்சம் இருக்கும், கண் கூசாது. நாளெல்லாம் தாள் எடுப்பவர் அவர்தான் என்பதால் பிரிண்டரும் அவருக்குப் பக்கத்தில். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

பொருந்திய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. இப்போது இருக்கும் கீழ்த்தளத்தில், பிரிண்டருக்குப் போக அவர் இவள் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது ஒரு தலையசைப்பு. திரும்பும்போது சில நாள், சூடான தாளை விசிறிக்கொண்டே ஒரு வார்த்தை. இத்தனை நாளாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அவ்வளவுதான். அந்த நடையைத்தான் வீண் என்று தன் கையாலேயே வெட்டியிருந்தாள்.

பிரிண்டருக்கு வெட்டிய அட்டையை எடுத்துத் தன் மேஜையோரம் வைத்தாள்.

"அடிப்பாவி, அது கனைக்கிற கனைப்புல காதே போயிடும்டி," என்றாள் எட்டிப்பார்த்த அக்கா.

"பழகிடும்க்கா."

"என்னமோ போ. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்குறே."

மேல்மாடியில் முதல் நாள். பிழை திருத்துபவர் தாள் எடுக்க வந்தார். தாள்கள் ஒவ்வொன்றாக விழும்வரை நின்றார். அவள் திரையில் ஒரே படத்தை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சத்தத்துல எப்படிங்க வேலை பாக்குறீங்க?"

"சத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"சும்மா சொல்லாதீங்க. எல்லார் சௌகரியத்தையும் பாத்துட்டு உங்களை மறந்துட்டீங்க." அவர் குரலில் அத்தனை அக்கறை. "நான் மேனேஜர்கிட்ட பேசுறேன்."

"வேண்டாங்க, நிஜமாத்தான்…"

அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குள் பிரிண்டர் வடக்கு ஜன்னலுக்குப் போய்விட்டது. "தங்கமான பொண்ணு. தனக்குன்னு வாய் திறந்து கேக்கத் தெரியலை," என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

அவள் பக்கம் அமைதியாகிவிட்டது. பிழை திருத்துபவர் நாற்காலியை விட்டு எழவேயில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டித் தாளை எடுத்துக்கொண்டார்.

மாலையில் அவள் திரையில் ஒரு பாடத்தின் முதல் பக்கம் திறந்திருந்தது. நாளைக்குக் கொடுத்தால் போதும். ஆனாலும் பிரிண்ட் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், தானே போய் எடுக்கவேண்டும் என்பது உறைத்தது. எழாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் அவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். அவருடையது இல்லை. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"யாரோடதுங்க இது?"

அவள் எழுந்தாள். வரிசைகளுக்கு நடுவே தானே அளந்து விட்ட வழி இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.