கெட்டுப்போன படம்

எடெல் நாலாயிரத்துச் சொச்சம் படங்களைப் பார்த்து முடித்துவிட்டாள். ஒன்றில்கூட அப்பா இல்லை.

இறால் இருந்தது, நண்டு இருந்தது, முட்டையை வாய்க்குள் அடைகாக்கும் மீன் இருந்தது. பத்துப் படத்துக்கு ஒன்றில் ஓரமாக ஒரு மெல்லிய எஃகுக் குச்சி தெரிந்தது. அது அப்பாவின் குச்சி. கடலடி மணலில் அதை ஊன்றித்தான் அவர் படம் எடுக்க வந்த விருந்தாளிகளுக்கு உயிரினங்களைக் காட்டுவார். ஒரே ஒரு படத்தில் கட்டை விரல் நகம் தெரிந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நகத்தைச் சவப்பெட்டி முன்னால் வைக்க முடியாது.

இரண்டு மணிக்கு மாதா கோயிலில் அப்பாவின் அடக்கப் பூசை. இப்போதே ஒன்பதாகிவிட்டது. அனிலாவோ என்ற ஊரின் கடற்கரையில், கடலுக்குள் முக்குளிக்க வருபவர்கள் தங்கும் இந்த டைவ் விடுதியின் கேமரா அறையைப் பதினோரு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இன்று கறுப்புச் சட்டையோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்துச் சமையல்காரர் கேட்காமலேயே காபியும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா கோரியோ நாலு நாளைக்கு முன்னால் கரையில் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழவே இல்லை. முப்பது வருடம் கடலுக்கடியில் கைடு வேலை பார்த்தவர். அவர் கண்ணுக்குத் தப்பிய ஜந்து அந்தக் கரையில் இல்லை என்று போட்டிக்கு நிற்கும் கைடுகளே சொல்வார்கள். அப்படிப்பட்டவரின் பெட்டி முன்னால் இப்போது இருப்பது வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். சாம்பல் பூத்த முகம், இறுக மூடிய வாய். போலீஸ் ஸ்டேஷனில் நிற்கவைத்து எடுத்ததுபோல் இருந்தது. கல்யாண ஆல்பம் ஒரு புயலில் போய்விட்டது. போனில் இருக்கும் குடும்பப் படங்களிலும் அவர் இல்லை. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து எடுப்பவர் அவர்தான்.

மணிலாவிலிருந்து வந்த அத்தை புளோரென்சியா நேற்று வந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னாள்.

“உலகத்துல இருக்கிற கேமராவெல்லாம் இவன் முன்னாடி வந்து நின்னுச்சாம். ஊருல உள்ள மீனுக்கெல்லாம் போட்டோ இருக்கு. என் தம்பிக்கு ஒண்ணு இல்ல. மக வேற கேமரா ரூம்ல வேலை!”

 அத்தைக்குத் தெரியாத ஒன்று எடெலுக்குத் தெரியும். படங்களில் அப்பா இல்லாமல் போனதற்கு அவளேதான் காரணம்.

தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் லென்ஸை மாற்ற முடியாது. கேமராவை நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடிகூட ஒட்டாமல் துடைத்து மூடிவிட்டால் மூடியதுதான். காலையில் மேசைமேல் எதை மாட்டினோமோ அன்றைக்கு அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் விருந்தாளிகள் ஆளுக்கு ஆள் வந்து அவளிடம் கேட்பார்கள். அவள் அப்பாவிடம் கேட்பாள். அவர் அன்றைக்கு எதைக் காட்டப்போகிறார் என்று சொல்லுவார். அதன்படி அவள் மாட்டிவிடுவாள். பெரும்பாலும் மேக்ரோ லென்ஸ்தான். நெல்மணி அளவு உயிரைக் கண் இமையோடு எடுத்துக் கொடுக்கும். அதில் ஒரு மனிதன் எப்படி அடங்குவான்? சரியான லென்ஸைத்தான் மாட்டினாள். படங்கள் பரிசு வாங்கின, பத்திரிகைகளில் வந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இதைக் கண்டுபிடித்தது எங்கப்பா என்று நெஞ்சு நிமிரும். இன்றைக்கு அதே படங்கள் வலித்தன.

அவர் பேச்சும் அப்படித்தான். “நான் தெரிஞ்சா அது கெட்டுப்போன படம்டி” என்பார்.

கெட்டுப்போன படம். பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு எடெல் போனை எடுத்தாள்.

போன மார்ச்சில் டாக்டர் மக்சினோ என்றொரு பல் டாக்டர் வந்திருந்தார். அகலமான காட்சிகளை எடுக்கப் புதிதாக வாங்கிய வைட் லென்ஸும், அதன் முன்னால் மாட்டும் கால்பந்து அளவுக் கண்ணாடிக் குமிழும் அவர் கையில் இருந்தன. ‘இன்னிக்குப் போற இடத்துல எல்லாம் நெல்லு சைஸ், டாக்டர். இதுல ஒண்ணும் தெரியாது’ என்று எடெல் சொல்லிப் பார்த்தாள். ‘இதை வாங்க எத்தனை பல்லைப் புடுங்கினேன் தெரியுமா?’ என்று அதையே மாட்டிக்கொண்டு போனார். அன்று இரவுச் சாப்பாட்டில் மேசையே அவரைப் பார்த்துச் சிரித்தது. முதலில் சிரித்தவள் எடெல்.

“டாக்டர், எங்கப்பாகூட வைட் லென்ஸ் போட்டுக்கிட்டு எறங்கினீங்களே. அந்தப் படமெல்லாம் இருக்கா?”

“கோரியோ போன விஷயம் கேள்விப்பட்டேன்மா. மனசே சரியில்ல” என்றார் மக்சினோ. “அதெல்லாம் கெட்டுப்போன படமாச்சே. நீயே சிரிச்சியே.”

“அழிச்சிட்டீங்களா?”

“அழிக்கத்தான் பாத்தேன். ஒண்ணு மட்டும் மனசு வரல. உங்கப்பா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு. இரு, அனுப்புறேன்.”

படம் வந்தது. எடெல் எழுந்து நின்றுவிட்டாள்.

ஆள் உயர விசிறிப் பவளம் ஒன்று சிவப்பாக விரிந்திருந்தது. அதன் பக்கத்தில் அப்பா, தலையிலிருந்து துடுப்புவரை முழுசாக, மேலேயிருந்து விழுந்த வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தார். முகக்கண்ணாடிக்குள் கண்கள் சுருங்கி, கன்னம் உப்பி, வாயில் குழாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். ‘இந்த லென்ஸை வச்சுக்கிட்டு இதை எப்படிய்யா எடுப்பே’ என்று கேட்கும் சிரிப்பு. அந்த நிலையிலும் குச்சி நுனி பவளக் கிளை ஒன்றைத் தொட்டும் தொடாமலும் காட்டிக்கொண்டிருந்தது. வேலையை அவர் விடவில்லை.

அவள் அழுதாள். நாலு நாளில் முதல் அழுகை அது.

கடைத்தெருவில் பிரிண்ட் போடுபவர் கேட்டார். “மூஞ்சிய மட்டும் வெட்டிப் பெருசா போட்டுரட்டுமா?”

“வெட்டாதீங்க. எதையும் வெட்டாதீங்க. உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய காகிதம் எது?”

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. பெட்டியைத் தூக்க நான்கு பேர் தயாராக நின்றார்கள். எடெல் வாக்காளர் அட்டைப் படத்தை எடுத்துவிட்டுப் புதியதை நிறுத்தினாள்.

அத்தை ஓடி வந்தாள். “ஏய், என்னடி இது? கண்ணுல கண்ணாடி, வாயில குழாயி! பங்குச் சாமியார் என்ன சொல்லுவாரு? மூஞ்சியே தெரியலையே!”

எடெலின் அம்மா செனைடா பெட்டிக்கருகே நாற்காலியில் இருந்தாள். பெட்டியின் கண்ணாடி மூடிமேல் கண்ணீர் விழுந்தால் இறந்தவர் நிம்மதியாகப் போக மாட்டார் என்பது ஊர் நம்பிக்கை; அதனால் நாலு நாளாக ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்திருக்கிறாள். கடலில் முழங்காலுக்குமேல் இறங்காதவள். எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள்.

“அவர் வேலைக்குப் போற கோலம் இதுதான், அண்ணி. போலீஸ்காரர் செத்தா தொப்பியோட வைக்கலையா? இதுவே இருக்கட்டும்.”

அத்தை பழைய படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக ஊர் வரிசையாக வந்தது. கைடுகள் ஏழு பேர் சேர்ந்து வந்தார்கள். முன்னால் வந்த நார்டிங் அப்பாவோடு இருபது வருடம் ஒரே படகில் போனவன். சிலுவை போட்டுக்கொண்டான், பெட்டியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். அப்புறம் நகரவே இல்லை. குனிந்தான். மூக்கு படத்தில் இடிக்கும்படி குனிந்தான்.

“எதையோ காட்டுறாருடா.”

“எங்கே?”

“குச்சி நுனியைப் பாரு. கிளைக்குக் கீழே.”

“அது வெறும் முடிச்சுடா, நார்டிங்.”

“முடிச்சுக்கு வாலு இருக்குமா? குட்டிக் கடல்குதிரை! பல் டாக்டர் படத்துலகூட மாட்டியிருக்கு பாரு!”

ஏழு பேரும் படத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் போன் விளக்கை அடித்தான். பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கண்டுபிடித்தவன் ஒவ்வொருவனும் ஒரு சத்தம் போட்டான், சாவு வீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். எடெலுக்கும் இப்போதுதான் தெரிந்தது. படத்தில் ஓர் எள் அளவுதான், நிறமும் பவளத்தின் சிவப்பேதான். அதை எடுக்க அவள் நூற்றுக்கணக்கான கேமராக்களில் லென்ஸ் மாட்டியிருக்கிறாள்.

“என்னடா பாக்குறீங்க?” என்று அம்மா கேட்டாள்.

அவர்கள் விலகி வழிவிட்டார்கள். அம்மா இடுப்பிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். எடெல் அவள் விரலைப் பிடித்துக் குச்சியின் நுனிக்குக் கொண்டுபோனாள்.

“இங்கயா?”

“இன்னும் கொஞ்சம் கீழே.”

அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

“இதையா?” என்றாள். “இவ்வளவு தம்மாத்தூண்டையா?”

“ஆமாம்மா.”

“அவ்வளவு ஆழத்துல?”

“ஆமா.”

அம்மா நிமிர்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றாகத் திரும்பி, வீடு முழுக்கக் கேட்கும் குரலில் கூப்பிட்டாள்.

“அண்ணி, இங்க வாங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க.”

அத்தை வந்து குனிந்தாள். வெளியே பெட்டியை ஏற்ற வந்த வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் ஆட்டி அவரை இருக்கச் சொன்னாள்.