ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம்

ரொமினா பெசுட்டிக்கு இங்கம் ஊரே கூடி விடைகொடுத்து மூன்று வாரம்கூட முழுசாக ஆகவில்லை. முப்பத்து நான்கு வயது. பதினொரு வருட ரக்பி லீக். இரண்டு தடவை உடைந்த மூக்கு, அடிபட்டு அடிபட்டுத் தடித்துப்போன இடது காது. இதற்குமேல் உடம்பிடம் கேட்பது அநியாயம் என்று அவளேதான் முடிவு செய்திருந்தாள். கிளப் மைதானத்தில் இறைச்சி சுட்டார்கள், பீர் உடைத்தார்கள், பழைய படுக்கை விரிப்பில் ‘நன்றி ரோ! இனி ஓய்வெடு!’ என்று பெரிதாக எழுதி இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டினார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் தூக்கிக்கொண்டு போகிற மடக்கு நாற்காலி ஒன்றில் அவள் பெயரைத் தைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். அவளும் அதில் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள்.

ஒரே ஒரு குறைதான். குயின்ஸ்லாந்து மாநிலப் பெண்கள் அணியின் அரக்கு நிற ஜெர்சியை அவள் ஒருநாளும் போட்டதில்லை. மூன்று முறை மாற்று ஆட்டக்காரியாகக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டில் நீட்டிவிட்டு வீடு திரும்பினாள். அவள் ஆடும் ஒன்பதாம் எண் இடத்தில் ஜோர்டி மெக்கிலாப் ஆறு வருடமாக உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்றால், சும்மா அல்ல. நாட்டிலேயே அவளைப்போல் ஆட ஆளில்லை. அதுதான் ரொமினாவுக்கு இன்னும் எரிச்சல்.

ஜூன் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. ஊர்ச் சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் ரொமினா கரும்பு ரயிலின் இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நூற்றிருபது பெட்டிக் கரும்பு. சட்டைப்பையில் போன் ஐந்து தடவை அதிர்ந்து ஓய்ந்தது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது. கிளைப்பாதையில் நிறுத்திவிட்டுத்தான் பார்த்தாள். மாநில அணியின் பயிற்சியாளர் கெய்லீன்.

“ரோ, உடம்பு எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு. ஏன் கேக்குறீங்க?”

“ஜோர்டிக்குக் கட்டைவிரல் உடைஞ்சுபோச்சு. சனிக்கிழமை டவுன்ஸ்வில்ல மேட்ச். நீ வரணும்.”

“தண்ணி பாட்டில் தூக்கவா?”

“இல்லடி. பதினாலாம் நம்பர். பாதில உள்ள இறங்கி ஆடுறதுக்கு.”

“நான் ரிட்டயர் ஆயிட்டேனே” என்றாள் ரொமினா.

“தெரியும். அந்த நாற்காலி போட்டோ பாத்தேன். அழகாத்தான் இருந்துச்சு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு முகாமுக்கு வந்துடு.”

போனை வைத்ததும் வாக்கி-டாக்கியில் ஆலையின் கட்டுப்பாட்டு அறை நெவில் கத்தினான். “ரொமினா! உன் வண்டிக்காக ரெண்டு வண்டி பின்னால நிக்குது. தூங்கிட்டியா?”

“நெவில், என்னை குயின்ஸ்லாந்துக்கு எடுத்துட்டாங்க.”

வாக்கி-டாக்கி கரகரத்தது. “எந்த குயின்ஸ்லாந்து?”

“எத்தன குயின்ஸ்லாந்து இருக்கு, மடையா!”

அவள் சொன்னதை அந்த அலைவரிசையில் இருந்த எல்லா ஓட்டுநர்களும் கேட்டுவிட்டார்கள். வயல்வெளியில் நின்ற ஏழு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன. கரும்புக்குள் மேய்ந்துகொண்டிருந்த காட்டுப்பன்றிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. அவளுடைய ஷிப்ட்டை யார் பார்ப்பது என்பதை நெவில் அங்கேயே ஏலம் போட்டு முடித்துவிட்டான்.

வீட்டில் அவள் கணவன் கிளிண்ட் விஷயத்தைக் கேட்டதும் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இறக்கிவிட்டதும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான்.

“அப்போ அந்த நாற்காலிய கிளப்புக்குத் திருப்பிக் கொடுத்துடணும். ஏமாத்தி வாங்கின சொத்து.”

“நீதான தெனமும் அதுல உக்காந்து பீர் குடிக்கிற. நீயே கொண்டுபோய்க் கொடு.”

முகாமில் அவளுக்கு அறைத்தோழியாக வாய்த்தவள் தலேயி. இருபது வயது, ஃபிஜிக் குடும்பத்துப் பெண், லோகனில் வளர்ந்தவள். ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆள் கிடையாது. பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான். ரொமினா பையை வைத்ததுமே தொடங்கிவிட்டாள்.

“ஆன்ட்டி, நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போதே நீங்க ஆடிட்டிருந்தீங்களாமே?”

“இன்னொரு தடவ ஆன்ட்டின்னு சொல்லு, உன் தலகாணிய ஜன்னல் வழியா வீசுறேன்.”

“சரிங்க ஆன்ட்டி.”

தலையணை நிஜமாகவே போயிற்று. இரண்டாம் மாடியிலிருந்து அது விழுந்த இடத்தில் கெய்லீன் நின்றிருந்தாள் என்பது வேறு கதை. அன்று முதல் முகாமில் எல்லோருக்கும் ரொமினா ஆன்ட்டிதான்.

ரொமினாவுக்கு உள்ளுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த முள் புதன்கிழமை மதியம் கையில் கட்டோடு சாப்பாட்டு மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. ஜோர்டி.

“என் விரல் உடையணும்னு எத்தன வருஷமா வேண்டிக்கிட்ட?” என்று கேட்டாள் ஜோர்டி, இடது கையால் உருளைக்கிழங்கைக் குத்தியபடி.

விளையாட்டாகத்தான் கேட்டாள். ரொமினாவால் விளையாட்டாகச் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, ஜோர்டி கீழே விழும்போதெல்லாம் அவள் மனம் ஒரு கணம் குதித்தது உண்மை. அந்தக் கணத்துக்காகப் பிறகு கூசியதும் உண்மை.

“ஆறு வருஷம்” என்றாள். “ஆனா விரலுக்கு இல்ல. முழங்காலுக்கு.”

ஜோர்டி மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு மேசையே ஆடும்படி சிரித்தாள். “நேர்மையான பொம்பளடி நீ! எனக்கு முன்னாடி ஆடினவளுக்கு நான் ரெண்டு காலும் போகணும்னு வேண்டிக்கிட்டேன். சரி, சாப்ட்டு எழுந்திரு. மூணு நாள்ல முப்பது ரகசிய வார்த்த கத்துக்கணும்.”

ஒன்பதாம் எண்காரியின் வேலை எளிதாகத் தோன்றும். தன் அணிக்காரியை எதிரிகள் மடக்கி வீழ்த்தியதும், அவள் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவாள். அதைக் குனிந்து எடுத்து, யாருக்கு, எந்தப் பக்கம் என்று கண் இமைக்கும் நேரத்தில் தீர்மானித்து வீச வேண்டும். ஒரு ஆட்டத்தில் அதை நூறு முறை செய்ய வேண்டும். பக்கத்தைக் குறிக்க அணிக்குள் ரகசியச் சொற்கள் உண்டு. மாநில அணியில் ‘மாம்பழம்’ என்று கத்தினால் வலப்பக்கம். கெட்ட காலம், ரொமினாவின் கிளப்பிலும் மாம்பழம் உண்டு; அங்கே அது இடப்பக்கம்.

ஜோர்டி மூன்று நாளும் அவளை விடவில்லை. காலைச் சாப்பாட்டின் நடுவே திடீரென்று “மாம்பழம்!” என்று கத்துவாள். ரொமினா வலது கையைத் தூக்க வேண்டும். கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடக் கத்தினாள்.

சனிக்கிழமை மாலை டவுன்ஸ்வில் மைதானம் நிரம்பி வழிந்தது. இங்கமிலிருந்து மட்டும் மூன்று பேருந்து. அரக்கு ஜெர்சியைத் தலைவழியாக இழுத்து மாட்டினாள் ரொமினா. வரிசையில் நின்று தேசிய கீதத்துக்கு முன் நிமிர்ந்து பார்த்தாள். தெற்குப் பக்கக் கூட்டத்தில் அந்தப் பழைய படுக்கை விரிப்பு. ஊர்க்காரர்கள் ஒரு எழுத்தையும் வீணாக்கவில்லை. ‘இனி ஓய்வெடு’ என்பதில் நடுவில் இருந்த ‘ய்வெ’யைக் கறுப்புப் பெயின்டால் அழித்திருந்தார்கள். ‘இனி ஓடு!’ என்று விரிப்பு ஆடியது.

பாதி ஆட்டம் வரை அவள் பெஞ்சில்தான் இருந்தாள். குயின்ஸ்லாந்து பன்னிரண்டு, எதிரணி நியூ சவுத் வேல்ஸ் பத்து. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்தாவது நிமிடம் கெய்லீன் அவள் தோளைத் தட்டினாள். “போடி, போ.”

ஓடி உள்ளே போனாள். கூட்டத்தின் சத்தம் காதில் விழவில்லை. தன் மூச்சுதான் விழுந்தது. முதல் பந்தை ஒழுங்காக வீசினாள். இரண்டாவதும் சரி. மூன்றாவதுக்குக் குனிந்தபோது யாரோ “மாம்பழம்!” என்று கத்தினார்கள். பதினொரு வருடப் பழக்கம் மூன்று நாள் பயிற்சியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது. பந்தை அழகாக, குறி தவறாமல், இடப்பக்கம் வீசினாள். இடப்பக்கம் ஒருவரும் இல்லை. புல்தான் இருந்தது. எதிரணியின் நீலச் சட்டைக்காரி ஒருத்தி அதைப் பொறுக்கிக்கொண்டு அறுபது மீட்டர் ஓடிக் கோட்டுக்கு அப்பால் வைத்து நான்கு புள்ளி எடுத்தாள். இன்னும் இரண்டு புள்ளிக்கான கூடுதல் உதை கம்பத்தில் பட்டு வெளியே போனது ஒன்றுதான் ஆறுதல். பன்னிரண்டுக்குப் பதினான்கு.

ரொமினா கம்பத்தடியில் நின்றாள். பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது. இதற்காகவா இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தலேயி ஓடி வந்து அவள் ஜெர்சியைப் பிடித்து இழுத்தாள்.

“ஆன்ட்டி, என்ன அழகான பாஸ்! எங்கம்மாகூட எந்திரிச்சு நின்னு கை தட்டியிருப்பாங்க.”

“விளையாடாதடி. என்னாலதான் போச்சு.”

“ஆமா, உங்களாலதான். அதுக்கு இப்ப என்ன? இன்னும் இருபது நிமிஷம் கெடக்கு. எனக்கு ஒரே ஒரு நல்ல பந்து கொடுங்க. நான் பாத்துக்கறேன். அழறதெல்லாம் ரூமுக்குப் போய் வச்சுக்கலாம்.”

கோட்டுக்கு வெளியே ஜோர்டி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். கட்டுப்போட்ட வலது கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். வலப்பக்கம், வலப்பக்கம். ரொமினாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கால்கள் கொஞ்சம் இளகின.

அதன்பிறகு அவள் ஆன்ட்டி மாதிரி ஆடவில்லை. வந்தவர்களையெல்லாம் இடுப்புக்குக் கீழே கட்டிப் பிடித்துச் சாய்த்தாள். எழுந்தாள், ஓடினாள், மறுபடி சாய்த்தாள். ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கையில் எதிரிகளின் கோட்டுக்கு இருபது மீட்டரில் பந்து அவள் காலடிக்கு வந்தது. எல்லோரும் வலப்பக்கம் ஓடுகிறார்கள் என்று நீலச் சட்டைகளும் வலப்பக்கமே சாய்ந்தார்கள். தலேயி மட்டும் இடது ஓரத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்ததும் ரொமினாவுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் நீளமாக எறிந்தாள். தலேயி அதை ஒரு கையில் பறித்துக்கொண்டு மூலையில் பாய்ந்தாள். கூடுதல் உதையும் உள்ளே போயிற்று. பதினெட்டுக்குப் பதினான்கு.

கடைசி நிமிடம் கிடந்து இழுத்தது. நீலச் சட்டைகள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் வந்து மோதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு முயற்சி பாக்கி. பந்து குவின்லன் கையில் போனது. குவின்லன் என்றால் நூற்றுப்பத்து கிலோ. குளிர்பதனப் பெட்டி ஓடி வருவது மாதிரி வருவாள். இருவர் முதுகில் தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். பந்தைத் தரையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

ரொமினா எதையும் யோசிக்கவில்லை. தடுத்து நிறுத்தும் உடம்பு அவளுடையதல்ல. குவின்லனுக்கு அடியில் சறுக்கிப் போய் மல்லாந்து விழுந்தாள். பந்து தரைக்குப் பதில் அவள் நெஞ்சில் வந்து இறங்கியது. அதன்மேல் குவின்லன் இறங்கினாள். அதன்மேல் இன்னும் நான்கு பேர். எங்கோ விலா எலும்பு ஒன்று முனகியது. இரண்டு கையாலும் பந்தை அடியிலிருந்து ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.

“கைய எடு, கிழவி” என்று மூச்சிரைத்தாள் குவின்லன், மூக்கோடு மூக்கு இடிக்க.

“எடுக்க மாட்டேன். எனக்கு வேற ஜோலி இல்ல. ரிட்டயர் ஆனவ.”

குவின்லனுக்கு அந்த நேரத்திலும் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்த அதிர்வில் ரொமினாவின் விலா இன்னொரு முறை முனகியது. நடுவர் ஊதினார். மேலே கிடந்தவர்களை ஒவ்வொருவராக உரித்தெடுத்தார்கள். வீடியோ நடுவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெரிய திரையில் ஊரே பார்த்தது: புல்லுக்கும் பந்துக்கும் நடுவே தடித்த காதுடைய ஒருத்தி.

செல்லாது என்று திரையில் விழுந்து ஆட்டமும் முடிந்தபோது எழுந்த சத்தத்திலும் ரொமினா எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை. குவின்லன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். “அடுத்த மேட்ச்சுக்கும் வருவியா?” என்று கேட்டாள்.

“அத என் விலாவதான் கேக்கணும்.”

“வராத. கெஞ்சிக் கேக்குறேன்” என்று சொல்லி அவளை இறுக்கி அணைத்தாள். அணைப்பில் விலா மூன்றாம் முறை முனகியது.

உடைமாற்றும் அறையில் ஐஸ் கட்டிப் பையை விலாவில் அழுத்திக்கொண்டு மூலையில் சாய்ந்தாள் ரொமினா. கிளிண்ட் எப்படியோ உள்ளே நுழைந்து, அவள் நெற்றியில் முத்தம் வைத்து, மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனான். அப்போதுதான் கெய்லீன் கை தட்டினாள். ஜெயித்தால் அணியின் பாட்டைப் பாட வேண்டும். அதை முதன்முறை ஆடியவள் மேசைமேல் ஏறித் தொடங்கி வைக்க வேண்டும். “ஆன்ட்டி! ஆன்ட்டி!” என்று தலேயி அலமாரியின் தகரக் கதவை இடித்தாள். நான்கு பேர் சேர்ந்து ரொமினாவை மேசைமேல் ஏற்றினார்கள்.

முதல் வரியை உரக்கப் பாடினாள். இரண்டாம் வரியும் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் வாயைத் திறந்து காத்திருந்தார்கள்.

“என்னாச்சு?” என்றாள் கெய்லீன்.

“எனக்குப் பாட்டு தெரியாது” என்றாள் ரொமினா. அவள் முகம் ஜெர்சியின் நிறத்துக்கு மாறியது. “வருஷாவருஷம் நீங்க டிவில பாட ஆரம்பிச்சதும் பொறாமைல ஆஃப் பண்ணிடுவேன். ரெண்டு வரிக்கு மேல கேட்டதே இல்ல.”

எழுந்த சிரிப்பில் கூரையே பறந்தது. சிரித்துச் சிரித்துத் தலேயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜோர்டி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் கையை ஊன்றி மேசைமேல் ஏறினாள். ரொமினாவின் தோளில் கைபோட்டு, அவள் தடித்த காதருகே குனிந்து மூன்றாம் வரியைச் சொன்னாள். ரொமினா அதைப் பாடினாள். நான்காம் வரியைச் சொன்னாள். அதையும் பாடினாள். இப்படியே வரிவரியாக, சுருதி கொஞ்சமும் சேராமல், பாட்டு முடியும் வரை பாடினார்கள்.